சிம் ரேசிங்குக்கு ஒரு விஆர் ஹெட்செட்: கொழும்பு வெக்கையில் தேர்ந்தெடுத்துப் பொருத்திய அனுபவம்

கொன்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பி நின்று விளையாடுபவருக்கும், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் ஒரே இடத்தில் உட்காருபவருக்கும் ஒரே விஆர் ஹெட்செட் (முகத்தில் கட்டிக்கொள்ளும் திரைப்பெட்டி) சரிவராது. வெளியில் கிடைக்கும் விமர்சனங்களில் பெரும்பாலானவை முதல் ஆளுக்காகச் செய்யப்பட்டவை: கை அசைவை எப்படிப் பிடிக்கிறது, அறைக்குள் எவ்வளவு தூரம் நடக்கலாம், கேபிள் காலில் சிக்குமா என்று போகும். சிம், அதாவது உண்மைக் கார் போலவே ஓடும் கொம்பியூட்டர் கேம், ஓட்டுபவருக்கு இதில் ஒன்றுமே பெரிதாக வேண்டியதில்லை. வளைவின் உள்முனை தூரத்திலேயே தெரிய வேண்டும், டேஷ்போர்டில் கியர் இலக்கத்தைத் தலையைக் குனியாமல் வாசிக்க வேண்டும், பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற கார் தெரிய வேண்டும், அதோடு கொழும்பு வெக்கையில் முகத்தில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு ரேஸை முழுதாக ஓடி முடிக்க வேண்டும். இந்த நாலையும் வைத்துத்தான் தேடத் தொடங்கினேன். விலைப்பட்டியலில் கொட்டை எழுத்தில் போடும் ரெசொலூஷனைக் கடைசியாகத்தான் பார்த்தேன்.

ஏற்கனவே என்னிடம் இருந்தவை: ஆர்டிஎக்ஸ் 3070 கிராஃபிக்ஸ் கார்ட் (படத்தை வரைகிற பாகம்) போட்ட கொம்பியூட்டர், லொஜிடெக் ஜி29 ஸ்டியரிங், பொக்ஸ் பார் வெட்டி வெல்டிங் செய்த ஒரு சட்டம், அதன் மேல் பஞ்சிகாவத்தையில் எடுத்த ஜப்பான் கார் ஒன்றின் முன் சீட். (சீட் வாங்கப் போகிறவர்கள் அடியில் இருக்கும் ரெயிலோடு சேர்த்துக் கேளுங்கள். பிறகு தனியாகத் தேடினால் பொருந்தும் ரெயில் கிடைப்பது கஷ்டம்.) ஓட்டும் கேம்கள் பெரும்பாலும் அசெட்டோ கோர்ஸா, ஓட்டோமொபிலிஸ்டா 2, கொஞ்சம் அசெட்டோ கோர்ஸா கொம்பெட்டிசியோனே. இடைக்கிடை மைக்ரோசொப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் இரத்மலானையில் ஏறி, கரையோரமாகக் காலிமுகத்திடல் வரை போய்த் திரும்புவேன்.

முதலில் கார்டைப் பாருங்கள், பிறகுதான் ஹெட்செட். மெட்டா குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகள், இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் சுமார் 91 லட்சம். ஒரு 4கே மொனிட்டரில் இருப்பது 83 லட்சம். லென்ஸின் வளைவை ஈடுகட்டப் படத்தை இதைவிடப் பெரிதாகவே வரைய வேண்டும் என்பதால் உண்மையான சுமை இன்னும் கூட. மொனிட்டரில் செக்கனுக்கு 50 ஃப்ரேம் (படம்) வந்தால் சமாளித்து ஓட்டலாம். விஆரில் தலையைத் திருப்பும்போது படம் ஒரு கணம் பின்தங்கினாலே வயிறு சொல்லிவிடும். 90 ஹெர்ட்ஸில் (செக்கனுக்கு 90 படம்) ஒரு ஃப்ரேமுக்குக் கார்டிடம் இருப்பது 11.1 மில்லி செக்கன், 72 ஹெர்ட்ஸில் 13.9. இந்த இடைவெளிதான் நடுத்தரக் கார்ட் வைத்திருப்பவரின் வாழ்வும் சாவும்.

இதனால்தான் பிமாக்ஸ் கிரிஸ்டல் லைட்டை ஆசையிருந்தும் விட்டேன். ஒரு கண்ணுக்கு 2880 × 2880, அதாவது மொத்தம் 1.66 கோடி புள்ளிகள். பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்கு 35 புள்ளி என்று சொல்கிறார்கள், குவெஸ்ட் 3-க்கு அது 25. நல்ல பார்வையுள்ள மனிதக் கண்ணுக்கு ஏறக்குறைய 60 வேண்டும் என்பதால் இரண்டுமே இன்னும் எட்டவில்லை, ஆனாலும் விமானக் கொக்பிட்டில் சின்ன எழுத்துகளை வாசிக்க அந்த 35 பெரிய உதவி. பெரிய கார்ட் வைத்திருக்கிற, முக்கியமாகப் பறக்கிற ஆட்களுக்கு அதுதான் சரி. எனக்கு 3070-ஐ மாற்ற வசதியில்லை, அதோடு ஹெட்செட்டின் எடை 800 கிராமுக்கு மேல். எதிர்ப்பக்கத்தில் முதலாவது பிக்ஸ்கிரீன் பியொண்ட் வெறும் 127 கிராம்தான். ஆனால் ஐபோனால் முகத்தை ஸ்கேன் செய்து அனுப்ப, அந்த ஒரு முகத்துக்கென்றே மெத்தை செய்து தந்தார்கள். தலை எங்கே இருக்கிறது என்று பிடிக்க அறையில் வைக்கும் பேஸ் ஸ்டேஷன்களை வேறு தனியாக வாங்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் பாவிக்கப் போகும் சாமானுக்கு அது தோதில்லை.

செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களில் மலிவாகக் கண்ணில் படுவது எச்பி ரிவர்ப் ஜி2. 2020-இல் வந்தபோது சிம் ஆட்கள் கொண்டாடிய ஹெட்செட், 2160 × 2160 படம் இன்றைக்கும் நல்ல படம்தான். சிக்கல் சொப்ட்வேரில். அது விண்டோஸ் மிக்ஸ்ட் ரியலிட்டி என்ற மைக்ரோசொப்டின் விஆர் சொப்ட்வேரில் ஓடுவது. மைக்ரோசொப்ட் அதை 2023 டிசம்பரில் கைவிடுவதாக அறிவித்து, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் முற்றாக எடுத்துவிட்டது. முந்தைய 23எச்2-இலேயே இருப்பவர்களுக்கு 2026 நவம்பர் வரை ஸ்டீமில் (கொம்பியூட்டர் கேம் வாங்கி ஓட்டும் தளம்) ஓடும் என்று சொல்லியிருந்தார்கள். பிறகு தனி ஒருவர் எழுதிய டிரைவர் ஒன்று என்விடியா கார்டுகளுக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது, நல்ல மனது. ஆனாலும் உதிரிக் கேபிளே தேடித் திரிய வேண்டிய ஊரில், செய்த கம்பனியே கைகழுவிய சாமானில் காசைப் போட எனக்கு மனம் வரவில்லை. "மலிவாக இருக்கிறதே அண்ணா" என்று கேட்கிற தம்பிமாருக்கும் இதையேதான் சொல்கிறேன்: விற்பவர் வீட்டுக்குப் போய், ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்து, எந்த விண்டோஸ் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உண்மையான போட்டி பிளேஸ்டேஷன் விஆர்2-க்கும் குவெஸ்ட் 3-க்கும் இடையில்தான் இருந்தது. தெகிவளையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் விஆர்2 இருக்கிறது. 2024 ஓகஸ்டில் சோனி பிசி அடாப்டர் வெளியிட்ட பிறகு அதை ஸ்டீமிலும் ஓட்டலாம், கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 (மொனிட்டர் கேபிள் கொளுவும் வெளியீடு) கட்டாயம் வேண்டும். (கேமிங் லப்டொப் வைத்திருப்பவர்கள் இங்கே நின்று யோசியுங்கள். அப்படி ஒரு வெளியீடு உங்கள் லப்டொப்பில் இருக்கிறதா, அது நேரடியாக என்விடியா கார்டோடு இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.) ஓலெட் திரை என்பதால் இரவு ரேஸில் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு, ஹெட்லைட் வெளிச்சம் விழும் இடமும் விழாத இடமும் அப்படியே பிரிந்து தெரியும். கேபிள் வழியாகச் சுருக்காத படம் வருவதால் கார்டுக்கும் வேலை குறைவு. பிளேஸ்டேஷன் 5 வைத்திருந்து கிரான் டூரிஸ்மோ 7 ஓட்டுபவராக இருந்தால் நான் வேறு ஒன்றையும் சொல்லமாட்டேன், அதையே வாங்குங்கள்.

ஆனால் அதில் இருப்பது ஃப்ரெனெல் லென்ஸ், வளையம் வளையமாக வெட்டிய தட்டை லென்ஸ். நடுவில் படம் கூர்மை, ஓரத்துக்குப் போகப் போகக் குழையும். இந்த இடத்தில்தான் காரில் உட்காருபவரின் தேவை வேறாகிறது. கார் ஓட்டும்போது பக்கக் கண்ணாடியை யாரும் முழுத் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை, கண்ணை மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்புவோம். காலி வீதியில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இடையில் ஓட்டிப் பழகியவருக்கு அது யோசிக்காமலே வரும். ஃப்ரெனெல் லென்ஸில் அப்படிக் கண்ணை ஓட்டினால் கண்ணாடிக்குள் இருப்பது ஒரு நிறத் திட்டு, அவ்வளவுதான், அது காரா மரமா என்று தெரிய மூக்கையே அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். குவெஸ்ட் 3-இன் பான்கேக் லென்ஸில் ஏறக்குறைய விளிம்பு வரை கூர்மை நிற்கிறது. ஓட்டோமொபிலிஸ்டாவில் அதே காரை, அதே டிராக்கை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தபோது இந்த ஒரு விஷயத்திலேயே என் முடிவு ஆகிவிட்டது. விலை குறைந்த குவெஸ்ட் 3எஸ்-ஐ விட்டதற்கும் காரணம் இதுதான்: உள்ளே அதே சிப், ஆனால் ஃப்ரெனெல் லென்ஸ், 1832 × 1920 படம், கண்ணுக்கிடை தூரத்துக்கு மூன்றே நிலைகள்.

குவெஸ்ட் 3-இன் குறையையும் சொல்ல வேண்டும். அதற்கு டிஸ்ப்ளேபோர்ட் இல்லை. கொம்பியூட்டர் வரைந்த படத்தை வீடியோவாகச் சுருக்கி, யூஎஸ்பி கேபிளிலோ வைஃபையிலோ அனுப்பி, ஹெட்செட் அதை விரித்துக் காட்டுகிறது. சுருக்கும் வேலையும் கார்டின் தலையில்தான் விழும். தூரத்துப் புல், மரக்கிளை, இருட்டான கராஜ் மூலை, இந்த இடங்களில் படம் கொஞ்சம் சேறுபோலக் கலங்கும். அதை எவ்வளவு குறைக்கலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மெட்டா இலங்கையில் நேரடியாக விற்பதில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கமோ ஒன்லைனிலோ வெளியிலிருந்து கொண்டுவந்து விற்பவர்களிடம்தான் எடுக்க வேண்டும், 2023-இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் போட்ட 499 டொலரை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வாரண்டி என்பது அந்தக் கடைக்காரர் எழுதித் தரும் வாரண்டி மட்டுமே, வாயால் சொல்வதை பில்லில் எழுத்தாக வாங்குங்கள். கடையிலேயே ஒன் பண்ணி, வெள்ளைத் திரை வைத்து இறந்த புள்ளி இருக்கிறதா, லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று போன் லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பாவித்ததாக இருந்தால் பழைய ஆளின் கணக்கிலிருந்து நீக்கி, உங்கள் கணக்கில் ஏற்றிய பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது கண். நான் ஆகலும் அதிகம் மினக்கெட்டது இதில்தான். எனக்குக் கிட்டப்பார்வை, கூடவே சிலிண்டரும் (ஒரு திசையில் மட்டும் மங்கும் குறை) இருக்கிறது. திரை கண்ணுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, கண்ணாடி எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். லென்ஸ் அந்தப் படத்தை ஒரு மீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பதால் கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணாடி வேண்டும். ஆனால் கண்ணாடியோடு ஹெட்செட்டைப் போட்டால் வியர்வையில் அது வழுக்கி இறங்கும், பிரேக்கை மிதித்துத் தலை ஆடும்போது கண்ணாடியின் விளிம்பு ஹெட்செட் லென்ஸில் உரசும். பிளாஸ்டிக் லென்ஸ், ஒருமுறை கீறினால் கீறியதுதான்.

வெளிநாட்டில் இதற்கென்று காந்தத்தில் ஒட்டும் லென்ஸ் சோடிகள் விற்கிறார்கள். தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி லென்ஸைப் பிடித்து ஹெட்செட் லென்ஸின் மேல் பொருந்தும் வளையம் ஒன்றின் டிசைனை இணையத்தில் இலவசமாக எடுத்து நண்பரின் 3டி பிரிண்டரில் அடித்தேன். பிரிண்டருக்குப் போடும் பிளாஸ்டிக்கில் பிஎல்ஏ வேண்டாம், பிஇடிஜி போடுங்கள். பிஎல்ஏ சுமார் 60 பாகை சூட்டிலேயே இளகிவிடும், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஹெட்செட்டை மறந்து வைத்தால் வளையம் கோணிவிடும். இரண்டு வளையத்தையும் என் பவர் எழுதிய துண்டையும் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையில் ஒரு கண்ணாடிக்கடைக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதில் மூக்குத் தாங்கி இல்லை, பிரேம் இல்லை, சென்டரை எங்கே பிடிக்கிறது?" என்று கேட்டார். சரியான கேள்வி. சாதாரணக் கண்ணாடியில் பிரேம் அசையாது என்பதால் கருவிழிகளின் தூரத்தை அளந்து லென்ஸின் மையத்தை உள்ளே தள்ளி வெட்டுவார்கள். குவெஸ்ட் 3-இல் கீழே உள்ள சில்லைத் திருப்பினால் லென்ஸ்கள் இரண்டுமே விலகும், வளையமும் அதோடு சேர்ந்தே போகும். ஆகவே பவர் மையம் வளையத்தின் நட்டநடுவில் இருந்தால் போதும். அதைத் தாளில் வரைந்து காட்டினேன். "அப்ப சிலிண்டர் அச்சு?" என்றார் உடனேயே. வட்ட வளையம் சுழலும், சுழன்றால் அச்சு தவறும். அதனால் ஒவ்வொரு வளையத்திலும் மேல் பக்கத்தில் ஒரு வெட்டு அடையாளம் வைத்தே பிரிண்ட் பண்ணியிருந்தேன், வலது இடது என்றும் உள்பக்கம் குறித்திருந்தேன். நீல வெளிச்சத்தைத் தடுக்கும் புளூ கட் பூச்சு வேண்டாம், அது படத்தை மஞ்சளாக்கும். சாதாரண சிங்கிள் விஷன் (ஒரே பவர்), பிரதிபலிப்புத் தடுக்கும் பூச்சு மட்டும். என் கருவிழித் தூரத்தையும் அங்கேயே மெஷினில் அளந்து தந்தார், அந்த மில்லிமீற்றரைத்தான் ஹெட்செட்டில் வைத்தேன். கண்மதிப்பில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிட்டப்பார்வை லென்ஸின் ஓரம் தடிப்பாக இருக்கும், அந்தத் தடிப்பு ஹெட்செட் பக்கம் துருத்தக் கூடாது. இரண்டுக்கும் இடையில் மெல்லிய காகிதத் துண்டை விட்டு எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்த்தேன், எங்கும் பிடிக்காமல் வந்தது. வலது வளையம் கொஞ்சம் தளர்வாக இருந்ததால், தண்ணீர்க் குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை உள்விளிம்பில் ஒரு சுற்று ஒட்டி அழுத்தினேன், இறுகிவிட்டது. அதன் பிறகு டேஷ்போர்ட் எண்கள் தெரிந்த விதம் வேறு. கார்ட் மாற்றினால் கூட இந்தத் தெளிவு வந்திருக்காது.

இனி கேபிள். ஓரிடத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு வைஃபையைவிடக் கேபிள்தான் நிம்மதி. பிளட் வீடுகளில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். வைஃபைதான் வேண்டுமென்றால் ஹெட்செட்டுக்கு மட்டும் தனி ரவுட்டர் வைத்து, கொம்பியூட்டரை அதில் வயரால் கொளுவுங்கள். புறக்கோட்டையில் யூஎஸ்பி 3 என்று சொல்லித் தந்த 5 மீற்றர் கேபிளை மெட்டா சொப்ட்வேரில் இருக்கும் யூஎஸ்பி டெஸ்டில் போட்டால் யூஎஸ்பி 2 வேகம்தான் காட்டியது. யூஎஸ்பி 2-இன் உச்சமே 480 எம்பிபிஎஸ், நடைமுறையில் அதுவும் வராது. நல்ல கேபிள் எடுத்து, முன்பக்க போர்ட்டில் இல்லாமல் மதர்போர்டின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகியதும் வேகம் வந்தது. கேபிள் இருந்தாலும் பற்றரி மெதுவாக இறங்கும், ஆனால் கேபிள் இல்லாத சராசரியான 2.2 மணித்தியாலத்தைவிட நன்றாகத் தாக்குப் பிடிக்கும்.

மெட்டா சொப்ட்வேரோடு வரும் ஒகுலஸ் டிபக் டூல் என்ற செட்டிங் கருவியில் நான் தொட்டது இரண்டு இடம். ஒன்று, என்கோட் பிட்ரேட், அதாவது செக்கனுக்கு எவ்வளவு வீடியோ அனுப்புவது என்பது. 500 எம்பிபிஎஸ் வரை ஏற்றலாம், என் கார்டில் 400-க்கு மேல் போனால் இடைக்கிடை திணறுகிறது, அதனால் 400. இதிலேயே தூரத்துப் புல் கலங்குவது பெருமளவு குறைந்துவிட்டது. மற்றது, எஃப்ஓவி டேன்ஜென்ட் மல்டிபிளையர், வரையும் பரப்பை ஓரங்களில் வெட்டுவது. காருக்குள் மேலே தெரிவது கூரை, கீழே தெரிவது மடி, இரண்டையும் வரைந்து ஒரு பிரயோசனமும் இல்லை. அகலம் 0.9, உயரம் 0.75 என்று வைத்தால் வரைய வேண்டிய பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம், முகத்தில் போட்டிருக்கும்போது வெட்டுக் கோடு பெரிதாக உறுத்தவில்லை. சில மதிப்புகள் சேவையை மீண்டும் தொடங்கினால் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதால் ஓட்டுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

72 ஹெர்ட்ஸில் வைத்தேன். சோதிக்கும்போது தனியாக லப் ஓடிப் பார்க்காதீர்கள், அதில் எல்லாமே நன்றாக ஓடும். 20 காரை விட்டு, கடைசி ஆளாக நின்று, மழையும் போட்டு ஸ்டார்ட்டைப் பாருங்கள். அங்கே 72 விழாமல் நின்றால் மற்ற எங்கும் நிற்கும். அசெட்டோ கோர்ஸாவும் ஓட்டோமொபிலிஸ்டாவும் எம்எஸ்ஏஏ 4-இல் (விளிம்புகளைச் சீராக்கும் செட்டிங்) கோடு கோடாகத் தெளிவாக நிற்கின்றன. கொம்பெட்டிசியோனே அன்ரியல் எஞ்சினில் ஓடுவது, முந்தைய ஃப்ரேம்களைக் கலந்து விளிம்பை மழுப்புகிற முறை அதில். என் கார்டில் அதை விஆரில் ஓட்டுவதில் திருப்தி வரவில்லை. அதை மட்டும் மொனிட்டரில் ஓட்டுகிறேன்.

அப்புறம் வெக்கை. பெட்டியோடு வரும் துணி மெத்தை வியர்வையைக் குடித்து மணக்கத் தொடங்கும். சிலிக்கன் உறை போட்டால் கழுவலாம், ஆனால் முகம் அவியும். எனக்குச் சரிவந்தது நெற்றியில் தாங்கும் ஹேலோ ஸ்ட்ராப்: முகத்தில் எதுவும் அழுத்தாது, காற்றுப் புகும். பக்கத்தால் வெளிச்சம் வரும், ஆகவே இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுகிறேன். ஹெட்செட்டின் 515 கிராமும் முன்பக்கம்தான் என்பதால் பின்பக்கத்தில் சின்னப் பவர் பாங்க் ஒன்றைக் கட்டியதும் கழுத்து நோ போய்விட்டது. மேசை ஃபானை ஸ்டியரிங்குக்குப் பின்னால், நெஞ்சு உயரத்தில் நேராக முகத்துக்குத் திருப்பி வையுங்கள். வியர்வைக்கு மட்டுமல்ல, முன்பக்கம் எது என்று உடம்புக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதால் தலைச்சுற்றும் குறையும். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த ஹெட்செட்டை அப்படியே போட்டால் லென்ஸில் ஆவி படியும், ஒன் பண்ணிச் சிறிது நேரம் சூடாக விட்டுப் போடுங்கள்.

தலைச்சுற்று வருகிறவர்கள் ரலியில் தொடங்கவே வேண்டாம், தட்டையான சர்க்கிட்டில் மெதுவான காரில் தொடங்குங்கள். கமராவைக் காரோடு ஆட்டாமல் அடிவானத்தோடு பூட்டும் செட்டிங் இருந்தால் போடுங்கள். லேசாக வியர்த்து வாயில் உமிழ்நீர் ஊறினால் அந்த லப்பை முடிக்க நினைக்காமல் அப்போதே கழற்றுங்கள். பிடிவாதமாக ஓடினால் சத்தி வரும், அடுத்த நாள் ஹெட்செட்டைப் பார்த்தாலே குமட்டும். இஞ்சி போட்ட பிளேன் டீ எனக்கு உதவுகிறது.

வைக்கும் இடமும் முக்கியம். இங்கே கமரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பது எல்லோருக்கும் தெரியும், இதற்கும் அதே ஆபத்து. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் மட்டும், லென்ஸில் ஸ்பிரிட் படவே கூடாது. மேற்குப் பக்க ஜன்னல் உள்ள அறை என்றால் பின்னேர வெயிலில் லென்ஸ் வெளியே பார்த்தபடி கிடக்க விடாதீர்கள். லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும், அதற்குத் திருத்தம் கிடையாது.

தங்கைக்கு இன்னொரு சோடி வளையம் செய்தாயிற்று, அவளுடைய பவர் வேறு. அவள் ஓட்டுவது ஃப்ளைட் சிமுலேட்டர் மட்டும், அதில் இந்தக் கார்டால் 72 கனவிலும் வராது. 36 ஃப்ரேமில் பூட்டி, இடையில் உள்ள படங்களை மெட்டா சொப்ட்வேரின் ஏஎஸ்டபிள்யூ வசதி ஊகித்து இட்டு நிரப்பும்படி விட்டிருக்கிறேன். காரில் இதைச் செய்தால் பக்கத்துச் சுவரும் கம்பங்களும் நெளியும், ஆயிரம் அடி உயரத்தில் தரை தூரத்தில் இருப்பதால் இறக்கையின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அலைகிறது. செஸ்னா 172-இன் வட்ட மானிகளை அவளால் உட்கார்ந்தபடியே வாசிக்க முடிகிறது, டிஜிட்டல் மானியான ஜி1000 திரையின் சின்ன எழுத்துக்கு மட்டும் முன்னால் சாய வேண்டியிருக்கிறது.